ஒரு சின்னச் சந்தேகம்

எங்கள் வட்டத்தில் விருந்தினருக்குக் கைதட்டுவோம், உறுப்பினருக்குத் தட்டமாட்டோம். பன்னிரண்டு ஆண்டுகளாக இதுவே வழக்கம்.

ஹட்டன் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், கணினி வகுப்பு நடக்கும் மாடியறை ஒன்று உண்டு. மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் அதை இரவல் பெற்று, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாருமாகப் பதினைந்து பேர் மறையியல் பேசக் கூடுகிறோம். ஒருவர் கட்டுரை வாசிப்பார். வாசித்து முடிந்ததும் மற்றவர்கள் அதை மறுப்பார்கள். பழைய உரையாசிரியர்கள் தாமே தடை எழுப்பித் தாமே விடை கூறிய முறையை ஒட்டி, இதற்குத் தடைவிடை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தாதியில் ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததற்கு முதலாவதுபோல, இங்கே ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்குவார். அந்த நேரத்தில் அண்ணன், டீச்சர், பாஸ்டர் என்ற முறைகளெல்லாம் செருப்போடு படிக்கட்டின்கீழ் நிற்கும். வாசித்தவருக்குக் ‘கட்டுரையாளர்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. தடைகளுக்கு நின்று விடை சொன்னவரின் கட்டுரை எங்கள் காலாண்டிதழில் அச்சேறும், அவர் உறுப்பினராவார்.

விருந்தினர் நிலை வேறு. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரு பெரியவர் வந்து உரையாற்றினால் நாங்கள் ஒரு சொல்லும் மறுப்பதில்லை. கைதட்டிப் பொன்னாடை போர்த்தி, ரயிலேற்றி அனுப்பிவைப்போம்.

நான் இந்த வட்டத்தின் செயலாளன், பெயர் மைக்கல், பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவன் நான். சென்ற ஜூன் மாதம் அதைக் கெடுத்தவனும் நானே.

ஜெனிதா எங்கள் கூட்டத்துக்கு வரத் தொடங்கி அப்போது ஏழு மாதமாகியிருந்தது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் தாய்மார் பகலெல்லாம் தம் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவருக்கு வேலை. முப்பது வயதைச் சற்றே கடந்தவர். பஸ் நேரத்துக்கு ஓசையில்லாமல் எழுந்து போவதற்கு வசதியாகக் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்காருவார். கொப்பி ஒன்றை மடியில் வைத்து எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

மே மாதக் கூட்டம் கலைந்தபோது, ஏழு பக்கக் கட்டுரை ஒன்றை இரு கைகளாலும் என்னிடம் தந்தார். மேலே ஒரு கடிதம் இருந்தது. “இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி நானும் எழுதலாமா? மற்றவர்களைப் போல என்னையும் ஒரு கட்டுரையாளராகச் சேர்த்துக்கொள்வீர்களா?” அதில் வேறு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸிலேயே கட்டுரையை வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று தரிப்பிடம் போய்விட்டேன். ஆண்டவர் தம் சீடரின் கால்களைக் கழுவியது பற்றிய கட்டுரை அது. அதைப் போன்ற ஒன்று அந்த மாடியறையில் அதுவரை வாசிக்கப்பட்டதில்லை. அதே சமயம், அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு பெரிய பிழையும் இருந்தது.

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் பதினைந்து பேரின் பெற்றோரும் தோட்டத்தார்தாம். ஆனால் இன்றும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர் எங்களில் ஒருவரும் இல்லை. முதன்முதலாக அங்கிருந்து ஒருவர் வருகிறார். முதல் நாளே கேள்விகளால் அடித்து ஓட்டிவிட்டால் அந்தப் பழி யாரைச் சேரும்? ஆகவே ஒவ்வொருவராகப் பார்த்து, இந்த ஒருமுறை மென்மையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஜூட்சன் பாஸ்டர் உடனே சம்மதித்தார். ஐவி டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், அலுமாரியிலிருந்த பொன்னாடை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தார்.

எஞ்சியவர் பத்திநாதன். ஹட்டன் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; அறுபதை நெருங்குகிறவர்; தம் கோவிலில் உபதேசியார். ‘ஒரு சின்னச் சந்தேகம்’ என்று அவர் எழுந்தால் அது அடங்க முக்கால் மணி நேரமாகும். நான் கடைக்குப் போனபோது கட்டுரையின் பிரதி அவர் மேசைமேல் இருந்தது.

“மூணாம் பக்கத்தில ஒரு ஓட்டை இருக்கு, பாத்தீங்களா சேர்?”

“பாத்தேன்.”

“கோழி இல்ல, மாடே நுழைஞ்சு போகும்.”

“அதுக்குத்தான் வந்தேன். இந்த ஒரு தடவை நீங்க ஒண்ணும் கேக்கக் கூடாது.”

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “ஏன், எனக்குத் தொண்டை கட்டிருச்சா?”

“அந்தப் பிள்ளை மொத மொத எழுதுது. போன வருசம் அந்த கிளார்க் தம்பிக்கு என்னா நடந்துச்சு? உங்க சின்னச் சந்தேகத்துக்குப் பொறகு இந்தப் பக்கமே வரல்ல.”

“அவரு கனடா போயிட்டாரு சேர்.”

“உங்களாலதான் போனாருன்னு ஐவி டீச்சர் சொல்றாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “நான் சேந்த அன்னைக்கு என்னைய எத்தனை கேள்வி கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? பதினொண்ணு. வீட்டுக்குப் போயி எண்ணிப் பாத்தேன். சந்தோசத்தில சோறு எறங்கல்ல.”

“எல்லாரும் உங்களாட்டம் இல்ல.”

“அது சரி.” கண்ணாடியை உறையிலிட்டு மூடினார். “வாய மூடிக்கிறேன். ஆனா கை தட்டமாட்டேன். அது மட்டும் என்னால ஏலாது.”

ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறு வந்தது. தென்மேற்கு மழை காலையிலேயே தொடங்கி, கூட்ட நேரத்துக்குச் சற்று ஓய்ந்திருந்தது. ஜெனிதா எல்லாருக்கும் முன்னதாக வந்து, கடைசி பெஞ்சை விட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சேலை முந்தானையில் மழைத்துளிகள். கையில் அதே கொப்பி.

வழக்கம்போலப் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடித் தொடங்கினோம். கத்தோலிக்கர் அதை விளம்பமாகவும் சீர்திருத்தச் சபையார் துரிதமாகவும் பாடுவது பன்னிரண்டு ஆண்டுகளாகத் தீராத பிணக்கு. கடைசி அடியில் மட்டும் இறைவன் அருளால் ஒன்றுசேர்வோம், அன்றும் சேர்ந்தோம்.

ஜெனிதா எழுந்து வாசித்தார்.

“காலை ஆறரைக்குத் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள். லயத்திலிருந்து காம்பராவுக்கு வரும் பாதை சேறு. ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் நிறுத்தி, இளஞ்சூட்டு நீரில் கால் கழுவி உள்ளே விடுவது என் முதல் வேலை. இருபத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்துநான்கு கால்கள். சில காலில் அட்டை ஒட்டியிருக்கும்; கழுவும்போதுதான் அது கண்ணில் படும். ஒரு காலை நான் பிடித்ததும் பிள்ளை மறு காலில் நிற்கிறது. தள்ளாடுகிறது. கை எதையாவது தேடுகிறது. குனிந்திருக்கும் என் தலைதான் அதற்கு எட்டுகிறது. ஆகவே காலையில் இருபத்திரண்டு கைகள் என் தலைமேல் இருந்து போகின்றன.”

மூன்றாம் பக்கத்துக்கு வந்தார்.

“ஆண்டவர் குனிந்து கழுவியபோது அவர் தலைமேலும் சீடரின் கைகள் இருந்திருக்கும். ஆசி கூறுகிறவர் கைவைப்பது தலையில். பலிசெலுத்துகிறவர் பலியின்மேல் கைவைப்பதும் தலையில். தாங்கள் செய்வது இன்னதென்று அறியாமலே அவர்கள் அன்று இரண்டையும் செய்தார்கள்.”

எனக்குப் பிழை தெரிந்திருந்தும் மெய் சிலிர்த்தது. பின்னும் நான்கு பக்கங்களை வாசித்து முடித்து, தாள்களை அடுக்கிவிட்டு, ஜெனிதா நின்றபடியே எங்களைப் பார்த்தார். கொப்பியை மேசைமேல் விரித்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.

ஜூட்சன் பாஸ்டர் எழுந்து, “மிக அருமையான கட்டுரை, தங்கச்சி” என்றார். ஐவி டீச்சர், “எனக்குக் கண்ணு கலங்கிருச்சு பிள்ளை” என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அறை முழுதும் தட்டியது. நானும் தட்டினேன், எல்லாரையும்விடப் பலமாக. பத்திநாதன் மட்டும் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் புதைத்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தார். டீச்சர் பொன்னாடையை விரித்து ஜெனிதாவின் தோளில் போர்த்தினார்.

“கட்டுரை அடுத்த இதழில வருது” என்று நான் அறிவித்தேன்.

ஜெனிதா பேனாவை மூடினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி பஸ் இருக்கு சேர். நான் போயிட்டு வாறேன்.”

“இருங்க, தேத்தண்ணி வருது.”

அவர் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, இஸ்திரி மடிப்பு மாறாமல் மடித்து, மேசையில் வைத்தார். “இது வேணாம் சேர்.”

“ஏம்மா?”

“ஏழு மாசமா அந்தக் கடைசி பெஞ்சில இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். இத போத்துனவங்க யாரும் ரெண்டாவது தடவை வந்ததில்ல.”

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எங்களை அதிகம் சுட்டது.

“டீச்சர் எழுதினா பிழை சொல்றீங்க. போன மாசம் பாஸ்டருக்கு ஒரு மணித்தியாலம் சொன்னீங்க, அவரு சட்டை எல்லாம் நனைஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணும் சொல்லல்ல. பிழையே இல்லாம எழுதுற ஆளு நான் இல்லன்னு எனக்குத் தெரியும்.”

விரிந்து கிடந்த கொப்பி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அதில் ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்டு, எழக்கூடிய தடைகளும் அவற்றுக்குரிய விடைகளும் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பத்தில் ஒன்றையும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

“மைக்கல் சேர்தான் ஒண்ணும் கேக்க வேணாம்னு சொன்னாரு” என்றார் ஐவி டீச்சர். பதினான்கு தலைகளும் என் பக்கம் திரும்பின.

“உண்மைதான்” என்றேன். “பயந்துட்டேன். நீங்க திரும்ப வராமப் போயிருவீங்களோன்னு.”

“இப்படிச் செஞ்சா எப்படி சேர் வாறது?” என்று கேட்டுவிட்டு, ஜெனிதா கொப்பியைப் பையிலிட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

ஒரு நாற்காலி பின்னுக்கு நகரும் ஓசை கேட்டது. பத்திநாதன் எழுந்து நின்றார். பைக்குள் கிடந்த கைகள் வெளியே வந்துவிட்டன.

“செயலாளர் மன்னிக்கணும். கட்டுரையாளர்கிட்ட எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.”

ஜெனிதா கதவருகே நின்றார். திரும்பினார். அந்த முகத்தில் மலர்ந்ததை எழுத எனக்குப் பழைய செய்யுள்களில் எத்தனையோ உவமைகள் தெரியும், ஒன்றும் போதாது. அவர் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். கொப்பி மறுபடி விரிந்தது.

“கேளுங்க ஐயா.”

“கட்டுரையாளர் மூணாம் பக்கத்தில, சீடர் ஒத்தக் கால்ல நின்னாங்க, தலையில கைய வச்சாங்கன்னு எழுதியிருக்காரு. அந்தக் காலத்தில அவங்க விருந்து சாப்பிட்டது நின்னுக்கிட்டும் இல்ல, நாற்காலியில உக்காந்துக்கிட்டும் இல்ல. இடது முழங்கைய ஊணி, சரிஞ்சு படுத்துத்தான் சாப்பிட்டாங்க. காலு பின்னால நீட்டிக்கிட்டு இருக்கும். படுத்திருக்கிறவன் எதுக்குத் தள்ளாடணும்? அவன் கை எப்படித் தலைக்கு எட்டும்? எட்டாதுன்னா இந்தக் கட்டுரையே நிக்காது.”

ஜெனிதா தம் பத்துத் தடைகளையும் மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார். “இது என்கிட்ட எழுதி இல்லையே.”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். ஜெனிதாவும் சிரித்தார். பிறகு யோசனையில் ஆழ்ந்தார். நான் உதவிக்குப் போக வாயெடுத்தேன். ஐவி டீச்சர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

“சரிஞ்சு படுக்கிறதுன்னா எப்படி ஐயா? எனக்குப் பிடிபடல்ல. கொஞ்சம் காட்டுங்க.”

பத்திநாதன் எதிர்பாராதது இது. ஆயினும் மறையியலுக்காக எதையும் செய்பவர் அவர். கடைசி பெஞ்சை நடுவே இழுத்துப் போட்டு, கடவுளைத் துணைக்கழைத்து, இடது முழங்கையை ஊன்றிச் சரிந்தார். கால் வெளியே நீண்டது.

“வயித்த உள்ள இழுங்க அண்ணே, மேசைக்கு எடமில்ல” என்றார் ஜூட்சன் பாஸ்டர்.

“கட்டுரையாளருக்குக் காட்டுறேன், உமக்கு இல்ல.”

ஜெனிதா பெஞ்சைச் சுற்றி நடந்து, அவருடைய கால்மாட்டுக்குப் போய்க் குந்தினார். அங்கிருந்தபடி கேட்டார். “ஐயா, இப்ப நான் தெரியிறேனா?”

“இல்ல.”

“யாரு உங்க காலுகிட்ட இருக்கான்னு எப்படித் தெரியும்?”

“கழுத்தத் திருப்பணும்.” திருப்பினார், எலும்பு சொடக்கிட்டது. “ஆ, இப்பத் தெரியுது.”

ஜெனிதா அந்தக் காலையும் திரும்பிய கழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பின்பு, தமக்குத்தாமே பேசுவதுபோல மெல்லத் தொடங்கினார். “காம்பராவில கைப்பிள்ளைங்க தூங்கிக்கிட்டு இருக்கும். முழிச்சா அழும்னு பின்னால இருந்துதான் காலத் தொடைப்பேன். யாரு தொடைச்சான்னு அதுகளுக்குத் தெரியாது. சுகமா காலக் குடுத்துட்டுத் தூங்கும். இங்கயும் அப்படித்தான் இருந்திருக்கணும். மத்தவங்க எல்லாம், வேலைக்காரன் யாரோ கழுவுறான்னு பேசாம காலக் குடுத்திருப்பாங்க. தலைமைச் சீடரு மட்டுந்தான் கழுத்தத் திருப்பிப் பாத்திருக்காரு. அதனாலதான் அவரு மட்டும் வேணாம்னு காலை இழுத்தாரு. மத்தவங்க ஏன் ஒண்ணும் சொல்லல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி இருந்துச்சு ஐயா.”

திருமறையை நாற்பது ஆண்டாக வாசிக்கிறேன். அந்தக் கழுத்து திரும்பியதை நான் பார்த்ததே இல்லை.

“அப்ப, தலையில வச்ச கை?” என்றார் பத்திநாதன், படுத்தபடியே.

“அது போச்சு. மூணாம் பக்கத்த வெட்டிர்றேன்.”

“வெட்டாதீங்க.” அவர் எழுந்து உட்கார்ந்தார். “உங்க பிள்ளைங்க கைய வைக்கிறது மெய்தானே. அது இருக்கட்டும். ஆண்டவருக்கு அப்படி இல்லன்னு ஒரு வரி எழுதிட்டு, இப்பச் சொன்னத அதுக்குக் கீழ எழுதுங்க.”

ஜெனிதா எழுதிக்கொண்டார். அந்த வரி முடியுமுன்னே ஜூட்சன் பாஸ்டர் எழுந்துவிட்டார். கட்டவிழ்த்த கன்றுக்குரிய துள்ளல் அவர் குரலில் இருந்தது. “கட்டுரையாளர் சொல்றத நான் ஒத்துக்கமாட்டேன். பந்தியிலேருந்து எழும்பி, மேலாடைய கழட்டி, துண்டைக் கட்டினாருன்னு இருக்கு. அத யாருமே பாக்கல்லையா? பன்னிரண்டு பேரும் குருடா?”

“பந்தியில யாரு பாஸ்டர் எழும்பிப் போறவரப் பாக்கிறா?” என்றார் ஜெனிதா. “நீங்க ஏப்ரல் மாசம் பாதிக் கூட்டத்தில எழும்பிப் போயி ஃபோன் பேசிட்டு வந்தீங்க. இங்க யாரு பாத்தா?”

“நான் பாத்தேன்” என்றார் ஐவி டீச்சர். “அதோட, கட்டுரையாளருக்கு என்கிட்டயும் ரெண்டு இருக்கு. அஞ்சாம் பக்கம்.”

அதற்குப் பிறகு நடந்ததை நிகழ்ச்சிக் குறிப்பில் ஒழுங்காகப் பதிவு செய்ய என்னால் இயலவில்லை. எல்லாரும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறினார்கள். இன்னும் இரண்டு பேர் பெஞ்சில் படுத்துப் பார்த்தார்கள். தேநீர் ஆறிப்போயிற்று. நாலு மணி பஸ் போனது யாருக்கும் தெரியாது, நாலரையும் போயிற்று. என் பங்குக்கு நானும் ஒரு தடை எழுப்பினேன். அதற்கு ஜெனிதா, “செயலாளர் கேள்விக்கு என்கிட்ட ஏழாம் நம்பர்ல விடை இருக்கு” என்று கொப்பியைப் புரட்டி வாசித்தபோது, சபையில் தோற்பது இத்தனை இனிப்பானது என்று முதன்முறை உணர்ந்தேன்.

முடிவில் அவர், தடைக்கொன்றாகக் கொப்பியின் ஓரத்தில் இட்டிருந்த கோடுகளை எண்ணினார். “பதிமூணு.”

“என்னைய விட ரெண்டு கூட” என்றார் பத்திநாதன், பொறாமையை மறைக்காமல்.

“அடுத்த மாதக் கட்டுரை பத்திநாதனுடையது” என்று நான் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். “முதல் தடை எழுப்புபவர் யார்?”

ஜெனிதா கையை உயர்த்தினார். அவர் உறுப்பினரானது அந்தக் கணத்தில். அதற்கென்று வேறு அறிவிப்பு எதுவும் நான் செய்யவில்லை, ஒருவரும் கைதட்டவுமில்லை.

ஐந்தேகால் மஸ்கெலியா பஸ்ஸுக்கு எல்லாருமாகவே அவரை வழியனுப்பப் போனோம். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. பத்திநாதன் குடையை மறந்துவிட்டு, மேசைமேல் கிடந்த பொன்னாடையைக் கைக்கு அகப்பட்ட துணியென்று எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். அதை அவர் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. படிக்கட்டில் தொடங்கிய பேச்சை அவர் பேருந்து நிலையத்திலும் விடவில்லை. ஜெனிதா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பத்திநாதன் வெளியே நின்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சின்னச் சந்தேகம். தலைமைச் சீடரு கழுத்தத் திருப்பினதுக்கு என்னா காரணம்? மத்தவங்க திருப்பல்ல, இவரு மட்டும் ஏன்?”

“அவருக்கு மட்டும் தண்ணி ஆறிப்போயிருக்கும் ஐயா. கடைசியா கழுவினா அப்படித்தான்.”

“கடைசின்னு எங்க இருக்கு? முதல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க.”

“முதல்னா கதையே வேற.”

“எப்படி வேற?”

நடத்துநர் படியில் நின்று தட்டினார். “ஐயா, வாறீங்களா இல்லையா? பஸ் எடுக்கணும்.”

பத்திநாதன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை, அதுவும் எதிர்த்திசையில். “டிக்கோயா வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

பஸ் புறப்பட்டது. மழைநீர் வழிந்த கண்ணாடிக்குள், சரிகைக் கரையிட்ட பொன்னாடை சூடிய தலை ஒன்று முன்னும் பின்னும் ஆடியது. ஒரு விரல் உயர்ந்தது. அதற்கு எதிரே ஜெனிதாவின் தலை, இல்லை, இல்லை என்று சிரித்தபடி அசைந்துகொண்டே வளைவில் மறைந்தது.